ஆமைக்கு ஏது பட்டா?

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் ஒரு பாலாமையைப் பிடித்து வீட்டுத் தொட்டியில் விட்டுப் பாருங்கள். வனத்துறை வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே வரிசையில் இருக்கிறது அந்த ஆமை. குறைந்தது 3 ஆண்டு சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

சரி, ஆமையைத் தொட வேண்டாம். அது குடியிருக்கும் சதுப்பில் நாலு லாரி கட்டட இடிபாட்டைக் கொட்டுங்கள். கம்பி வேலி போடுங்கள். இரண்டு மழைக்காலம் போகட்டும். கதவு எண் வரும், மின் இணைப்பு வரும், சொத்து வரி ரசீது வரும். வீட்டுக்கடன் வேண்டுமா என்று வங்கிக்காரர் தானாகவே போன் செய்வார்.

தனியாரை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில் முதல் பந்தியில் உட்கார்ந்ததே அரசாங்கம்தான். பெருங்குடியில் இருநூறு ஏக்கருக்கு மேல் குப்பை கொட்டியது மாநகராட்சி. பறக்கும் ரயில் நிலையம் வந்தது. ரேடியல் ரோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. கடலை ஆராயும் தேசிய நிறுவனமும் காற்றை ஆராயும் தேசிய நிறுவனமும் இங்கேதான் இடம் பிடித்தன. கடலை ஆராய்கிறார்கள், காற்றை ஆராய்கிறார்கள். காலுக்குக் கீழே இருப்பது என்ன என்று ஆராயத்தான் ஆளில்லை.

2022-ல் இந்தச் சதுப்புக்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. 1,247 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். கைதட்டல், அறிக்கை, வாழ்த்து. எல்லை எங்கே? அதை அளக்க வேண்டும் என்றார்கள். அளந்து முடியும்வரை சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குப் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-ல் சொல்ல வேண்டி வந்தது. மூன்று வருஷத்தில் அளந்து முடிக்காத இதே ஊரில்தான் மனைப்பிரிவுக்காரர் ஒரே மத்தியானத்தில் கல் நட்டு, கொடி கட்டி, பிரியாணியும் போட்டு முடிக்கிறார்.

விளம்பரத்தைப் பாருங்கள். 'இயற்கையின் மடியில்', 'பறவைகளோடு காலை காபி'. பறவைகள் உண்டு, பொய்யில்லை. பூநாரை வருகிறது, நாமக்கோழி வருகிறது, நீலத்தாழைக்கோழி அங்கேயே குடியிருக்கிறது. கண்ணாடி விரியனும் அங்கேதான் குடியிருக்கிறது, அது விளம்பரத்தில் இல்லை. மழை நாளில் அது கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால் குடியிருப்போர் சங்கத்தில் அவசரக் கூட்டம். 'அத்துமீறி நுழைந்த பாம்பு' என்று மறுநாள் செய்தி. யார் அத்துமீறினார்கள் என்று பாம்பிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

ஆனால் ஆமைகளில் ஒன்றுக்கு மட்டும் ராஜ மரியாதை. காதோரம் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க ஆமை. மீன் தொட்டிக் கடைகளில் நாணயம் அளவுக் குஞ்சாகக் கிடைக்கும். குழந்தை அழுதால் வாங்கலாம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து நாறத் தொடங்கினால் கோயில் குளத்தில் விட்டுவிட்டு, புண்ணியம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். உலகின் மோசமான நூறு ஊடுருவல் இனங்களில் ஒன்று அது. உள்ளூர் ஆமைக்குச் சட்டம் இருக்கிறது, இடம் இல்லை. வந்தேறி ஆமைக்குக் குளமும் உண்டு, பொரியும் உண்டு.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். ஆமை வீட்டுக்குள் நாம் புகுந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கிழவியும் சொல்லி வைக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோம். போதாதென்று 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் பார்த்தோம். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். தங்குமிடத்தில் அடுக்குமாடி நின்றால் அது எங்கே தங்கும்? வேளச்சேரியில் முதல் மாடிப் படியில் தங்கியது.

படகில் வந்து பார்வையிட்டார்கள். பால் பாக்கெட் கொடுத்தார்கள். ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். நம் வரிப்பணம்தான், நமக்கே. சதுப்பை மனை போட்டு விற்றவர் பங்குக்கு எவ்வளவு கொடுத்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடுத்த பூமி பூஜையில் அவருக்குப் பக்கத்தில் மாலையோடு நிற்க வேண்டியவர்களுக்குச் சங்கடமாகிவிடும்.