தாத்தா ஜீப்புக்கு முதல் வைத்தியம்

கேள்வி: தாத்தா ஓட்டிய பழைய மகிந்திரா ஜீப் ஷெட்டில் கிடக்கிறது. வீட்டிலேயே சரிபண்ணலாமா? என்ன பெயின்ட் அடிக்கலாம்?
– ஒரு வாசகர், கொடுமுடி

பதில்: தாராளமாகப் பண்ணுங்கள், ஆனால் பெயின்ட் கடைசிப் பந்திதான்! மகிந்திரா 1947-இல் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வம்சம் இது. பெரும்பாலும் போல்ட்டு வேலைதான். ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் கழற்றிவிடலாம். முதலில் சேஸியை நெடுகச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்றால் நலம். ‘தொப்’ என்றால் உள்ளே துரு. வில்லிஸ் வகையில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அதைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் வெல்டிங் வேண்டவே வேண்டாம். சேஸி நம்பர் மேல் கிரைண்டர் படக்கூடாது. அது அழிந்தால் ஆர்.சி. புதுப்பிப்பதில் திண்டாட்டம். உதிரி பாகங்களுக்குக் கோவை உக்கடத்தில் தேடுங்கள். இன்ஜினுக்கு முன்னால் பிரேக்கை முடியுங்கள். ஓடுவதற்கு முன் வண்டி நிற்கப் பழகட்டும்!