கையெழுத்துப் போடு, தலை தப்பும்

1485 ஆகஸ்ட் 22. பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்ட் வெட்டுண்டு விழ, இங்கிலாந்தின் கிரீடம் ஹென்றி டியூடரின் தலைக்கு வந்தது. வென்றவன் அரசனாவது உலக வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நவம்பரில் கூடிய முதல் நாடாளுமன்றத்தில் ஏழாம் ஹென்றி ஒரு சின்னத் திருத்தம் செய்தார். தன்னுடைய ஆட்சி ஆகஸ்ட் 21 அன்றே தொடங்கிவிட்டதாம்.

ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில், முடிசூடிய மன்னனுக்காக வாளேந்தியவர்கள் எல்லோரும் ராஜத்துரோகிகள் ஆனார்கள். துரோகியின் நிலம் யாருக்கு? அரசனுக்கு. எதிரியைக் கொல்லப் படை வேண்டியிருந்தது. எதிரியின் சொத்தைச் சுருட்டத் தேதியை ஒரு நாள் முன்னதாகப் போட்டால் போதுமாக இருந்தது.

மறுமலர்ச்சிக் காலத்து வலிமையான முடியரசுக்கு எடுத்துக்காட்டு என்று வரலாற்று நூல்கள் கொண்டாடும் மன்னர்களில் இவரும் ஒருவர். பிரபுக்களை அடக்கினார், கஜானாவை நிரப்பினார், நிர்வாகத்தைச் சீர்படுத்தினார் என்று மாணவர்கள் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். சீர்படுத்திய விதத்தைத்தான் யாரும் கேட்பதில்லை.

விதம் இதுதான். உங்கள் மேல் அரசனுக்குச் சந்தேகம். குற்றம் எதுவும் இல்லை, சந்தேகம் மட்டும். கூப்பிட்டு ஒரு பிணைப் பத்திரத்தை நீட்டுவார்கள். 'ஒழுங்காக நடக்காவிட்டால் அரசருக்கு இத்தனை ஆயிரம் பவுண்டு கடன்பட்டவன்' என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒழுங்கு எது, ஒழுங்கீனம் எது என்று முடிவு செய்பவர் அந்தப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருப்பவர். அவருடைய ஆட்சியில் இருந்த 62 பிரபுக் குடும்பங்களில் 46 அல்லது 47, ஏதோ ஒரு சமயத்தில் அவர் தயவில் கிடந்தன. கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தன் கையாலேயே சுருக்கொப்பம் இட்டார் மன்னர். கவிஞரைக் காக்கும் அரசர்கள் ஐரோப்பாவில் நிறைய இருந்த காலம். கணக்குப்பிள்ளையைச் சிம்மாசனத்தில் ஏற்றிய பெருமை இங்கிலாந்துக்கு.

ஒரு நாள் அரசர் வளர்த்த குரங்கு அவருடைய முக்கியமான குறிப்பேட்டைக் கிழித்துப் போட்டது என்றும், அரண்மனையில் எல்லோரும் உள்ளுக்குள் குதூகலித்தார்கள் என்றும் பிரான்சிஸ் பேக்கன் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சபையில் பொதுநலம் நாடிய ஒரே ஜீவன் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எட்மண்ட் டட்லியும் ரிச்சர்ட் எம்ப்சனும் வசூலுக்கு வாய்த்த வழக்கறிஞர்கள். சட்டம் படித்தோர் சபை என்று ஒன்று. அங்கே ஜூரி கிடையாது, மேல்முறையீடு கிடையாது. அரசனிடம் நேரடியாக நிலம் பெற்ற தகப்பன் செத்துப் பிள்ளை சிறுவனாக இருந்தால் நிலத்து வருமானம் அரசனுக்கு. அந்தப் பிள்ளையின் கல்யாணமும் விற்பனைக்கு. விதவை மறுமணம் செய்ய விரும்பினால் அனுமதிக்குப் பணம். இதெல்லாம் பழைய நிலமானிய உரிமைகள்தான், புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று வாதாடுவோர் உண்டு. துருப்பிடித்த கத்தியைத் தேடி எடுத்துச் சாணை பிடித்தவனை, 'கத்தி அவன் செய்ததல்ல' என்று விட்டுவிடலாமா?

1504-இல் நாடாளுமன்றத்தில் கேட்டதைப் பாருங்கள். மூத்த மகன் ஆர்தரை வீரத்திருத்தகை ஆக்கிய செலவுக்கு மானியம் வேண்டும். மகள் மார்கரெட்டின் திருமணச் செலவுக்கும் வேண்டும். மகளுக்கு முந்தைய ஆண்டே மணமாகிவிட்டது. மகனுக்கு அந்தப் பட்டம் 1489-இலேயே கிடைத்துவிட்டது. 1502-இல் மகன் இறந்தும் போனான். புதைத்து இரண்டு வருடமான பிள்ளையின் பேரில் வரி! நாடாளுமன்றம் 40,000 பவுண்டு தருகிறேன் என்றது. 'வேண்டாம், 30,000 போதும்' என்றார் மன்னர். கருணை. அந்த அவைக்குச் சபாநாயகர் யார் தெரியுமா? டட்லியேதான்.

பர்கவென்னி பிரபு சட்டத்துக்கு மாறாக 471 ஆட்களைச் சீருடை போட்டு வைத்திருந்தார் என்று 1507-இல் அபராதம்: 70,650 பவுண்டு. அவரால் ஆயுளுக்கும் கட்ட முடியாத தொகை. கட்டுவார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பத்து வருடத்தில் 5,000 கட்டு, அனுமதியில்லாமல் சொந்த ஊர்ப்பக்கமான கென்ட்டில் கால் வைக்காதே என்று முடித்தார்கள். மிச்சத் தொகை அவர் தலைக்கு மேல் தொங்கியது.

பிரபுக்களுக்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை. அவர்களும் குடியானவனை உறிஞ்சியவர்கள்தான். ஆனால் கார்ன்வால்காரர்கள் என்ன செய்தார்கள்? நாட்டின் மறுகோடியில் ஸ்காட்லாந்தோடு நடக்கும் சண்டைக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். 1497-இல் கருமான் மைக்கேல் ஜோசப்பும் வழக்கறிஞர் தாமஸ் ஃபிளாமாங்கும் முன்னே நடக்க, லண்டனுக்கு அருகே பிளாக்ஹீத் வரை கால்நடையாகவே வந்தார்கள். ஜூன் 17 அன்று அவர்களை வெட்டித் தள்ளினார்கள். தலைவர்கள் இருவரையும் தூக்கிலிட்டுக் கூறுபோட்டுத் தலைகளை லண்டன் பாலத்தில் நட்டார்கள். பிறகு ஆணையர்களை அனுப்பி மிச்சமிருந்தவர்களிடம் அபராதம் தண்டினார்கள். கேள்வி கேட்டதற்கும் கட்டணம் உண்டு என்பது நிர்வாகச் சீர்திருத்தத்தின் ஓர் அங்கம் போலும்.

வாரிக் பிரபு எட்வர்டின் குற்றம் இன்னும் பெரியது: பழைய அரச வம்சத்தில் பிறந்துவிட்டான். பத்து வயதில் லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். இருபத்து நான்காவது வயதில், 1499-இல், வெளியே கொண்டுவந்து தலையை வெட்டினார்கள்.

1509 ஏப்ரல் 21 அன்று மன்னர் இறந்தார். சாவை இரண்டு நாள் மறைத்து வைத்தார்கள். தன் ஆன்மாவுக்காக 10,000 பூசை வைக்கும்படி உயிலில் எழுதியிருந்தார்; பாக்கி எவ்வளவு என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மைக்கலாஞ்சலோவின் மூக்கை உடைத்த ஃபிளாரன்ஸ் சிற்பி டோரிஜியானோ, வெஸ்ட்மின்ஸ்டரில் அவருக்குப் பொன்முலாம் பூசிய கல்லறை செய்தான். மறுமலர்ச்சிக் கலையின் இங்கிலாந்து வருகை என்று அதைப் புகழ்கிறார்கள். அழகான கல்லறைதான்.

மகன் எட்டாம் ஹென்றி உடனே எம்ப்சனையும் டட்லியையும் கைது செய்தார். ஊரே கொண்டாடியது. வழக்கு என்ன? மக்களைக் கொள்ளையடித்ததா? அப்படிப் போட்டால் கொள்ளைப் பணம் யார் பெட்டியில் இருக்கிறது என்ற கேள்வி வருமே. புது அரசருக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்று ஜோடித்தார்கள். சிறையில் இருந்தபடி டட்லி, அநியாயமாகக் கறந்தோம் என்று 84 பேர் விவகாரங்களை எழுதிக் கொடுத்தார். 1510 ஆகஸ்டில் இருவர் தலையும் உருண்டது. சில பத்திரங்களை ரத்து செய்து நல்ல பெயர் வாங்கிக்கொண்ட புது மன்னர், தந்தை சேர்த்ததைக் கையில் வைத்துக்கொண்டு பிரான்ஸ் மீது படையெடுத்தார். பணம் போதவில்லை. நாடாளுமன்றத்தைக் கூட்டி வரி கேட்டார்.