தேநீருக்குக் கோப்பு இல்லை

அமெரிக்காவில் கம்பனிகள் அதிகாரத்தில் உள்ளவர்களின் மனத்தைக் கரைக்கச் செலவிடும் டாலருக்கு, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்குக் காட்டவேண்டும். திருகோணமலையில் அந்தத் தலையிடி இல்லை. போருக்கு அஞ்சி 2006இல் ஓடிய சம்பூர்ச் சனம் கிளிவெட்டி முகாமில் தகரக் கூரைக்குக் கீழ் இருக்க, 2012இல் அவர்களின் காணியையும் சேர்த்து 818 ஏக்கர் கைத்தொழில் வலயமாக வர்த்தமானியில் ஏறியது. யார் யாரைச் சந்தித்தார், தேநீருக்கு யார் காசு கொடுத்தார் என்று எழுதிவைக்கப் பதிவேடு கிடையாது. முதலீடு வந்தால் வேலை வருமே என்பார்கள். வரட்டும், காணிக்காரரையும் ஒரு தேநீருக்குக் கூப்பிட்டிருக்கலாம். தகவலறியும் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அது 2016இல் வந்தது, அதிலும் கோப்பில் உள்ளதைத்தான் கேட்கலாம். அந்த வர்த்தமானி 2015இல் இரத்தானது. அதுவரையான முகாம் வாழ்க்கைச் செலவு சம்பூர்ச் சனத்தின் கணக்கில்.