முதல் பூஜை யாருக்கு?

கேள்வி: காசிக்குப் போய் வந்தவர்கள் இராமேஸ்வரத்துக்கும் போக வேண்டும் என்கிறார்களே, விஸ்வநாதரைப் பார்த்தது போதாதா? (வாசகி, தென்காசி)

பதில்: ஒரு லிங்கம் போதும் என்று இராமரே நினைக்கவில்லையே அம்மா! இராமேஸ்வரத்தில் இராமர் பூஜை செய்வதற்காகக் கைலாசத்துக்கு லிங்கம் எடுக்கப் போன அனுமன் வரத் தாமதமாக, சீதை மணலில் பிடித்து வைத்த லிங்கத்துக்கு, அதாவது இராமநாதருக்கு, பூஜை நடந்துவிட்டது. பிறகு வந்தவர் மனம் வாடக் கூடாதென்று, அவர் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை என்று விதித்தார் இராமர். இன்றும் அதே வரிசைதான். பிந்தி வந்தவருக்கு முதல் மரியாதை! இந்தக் கருணைதான் என்னைப் பொறுத்தவரை அத்தலத்தின் பெருமை. ஆயிரம் தூண்களைத் தாண்டும் மூன்றாம் பிரகாரம்கூட அதற்கு அடுத்ததுதான்.

முறைப்படி காசி யாத்திரை தொடங்குவதே இராமேஸ்வரத்திலிருந்துதான். சேதுக் கடற்கரை மணலை எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைத்து, காசியை வணங்கி, கங்கை நீருடன் திரும்பி இராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். தெற்கின் மண் வடக்கே போகிறது, வடக்கின் நீர் தெற்கே வருகிறது. நாட்டை இப்படிக் கட்டிப்போட எந்தக் கயிறும் வேண்டியிருக்கவில்லை.

அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கிய பின், கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகளின் நீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். கடல் சூழ்ந்த தீவில் அந்தக் கிணறுகள் உப்புக் கரிக்காதது தனி அதிசயம்.

மாற்று உடை எடுத்துப் போங்கள். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். பாவத்தைக் கடலில் விடுங்கள், பழைய துணியை விடாதீர்கள்.