பின் சீட்டு வாத்தியார்

கேள்வி: எல்.எல்.ஆர். கைக்கு வந்துவிட்டது. நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் நெய்வேலி வரை போய்வரலாமா? (வாசகர், மேல்பட்டாம்பாக்கம்)

பதில்: தாராளமாக! ஆனால் நண்பரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவர்தான் உங்களுக்கு வாத்தியாராகவும் இருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. காரென்றால் வாத்தியார் வண்டியை நிறுத்த வசதியான இடத்தில் உட்கார வேண்டும். பின் சீட்டில் முறுக்கு கடித்துக்கொண்டு அல்ல. முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு ‘எல்’ கட்டாயம். அதைப் பார்த்து லாரிக்காரர் ஒதுங்குவார் என்று நம்பிவிடாதீர்கள், இன்னும் பலமாக ஹாரன் அடிப்பார். எல்.எல்.ஆருக்கு ஆயுள் ஆறு மாதம். 30 நாள் கழித்து ‘எட்டு’ போடப் போகலாம். லைசென்ஸ் இல்லாத நண்பர் அதுவரை பஸ்ஸில் வரட்டும்.