வேண்டாத மூடி

குழந்தைகளோடு விளையாட்டுச் சாமான் செய்யச் சொல்லித்தரும் புத்தகங்கள் அநேகமாக ஒரு பொய்யோடுதான் தொடங்கும். வீட்டில் வேண்டாமல் கிடக்கும் பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அவர்கள் யாரும் தேங்காய்ப்பட்டணம் வந்ததில்லை. இந்த ஊரில் ஒரு வீட்டின் மூலையில் பாட்டில் மூடி ஒன்று கிடக்கிறதென்றால், அதை யாரோ வைத்திருக்கிறார்கள் என்று பொருள். தொட்டுப் பார்த்தால் ஆள் தானே வெளியே வரும்.

ராத்தா (அக்கா) வீட்டுக்கு விருந்து வந்த மாமா ஒருவருக்கு இது தெரியாது. செல்போனில் மூழ்கிக்கிடந்த மருமக்களிடம், "வாங்க மக்கா, பம்பரம் செய்யலாம்" என்று வாயைக் கொடுத்துவிட்டார்.

பம்பரம் என்றதும் பிள்ளைகள் கடைக்குப் போகலாம் என்றுதான் நினைத்தார்கள். கடைசல் பிடித்த மரப் பம்பரம், அடியில் ஆணி, சுற்ற ஒரு சாட்டை, ஆக்கர், அப்பீட்டு என்று அது ஒரு தனி ராஜ்ஜியம். பெரியவர்களுக்கோ பம்பரம் என்றால் 1992இல் வந்த ‘சின்ன கவுண்டர்’ படத்தில் விஜயகாந்த் அதைச் சுற்றவிட்ட இடம்தான் நினைவுக்கு வரும். அந்த வரலாற்றை மாமா பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அரசியலிலும் பம்பரம் சுற்றியது. ம.தி.மு.க.வின் சின்னமாக இருந்த அது 2024 தேர்தலில் கிடைக்காமல் போக, திருச்சியில் அக்கட்சி தீப்பெட்டிச் சின்னத்தில் நின்று ஜெயித்தது. வீட்டுச் சாமானை வைத்துச் சமாளிப்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

முதல் பம்பரம் மரத்திலிருந்து தானே விழுந்தது. தென்னை மூட்டில் உதிர்ந்துகிடக்கும் குரும்பையைத் தொட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதன் நடுவில் ஈர்க்கிலைக் குத்தி, அடியில் கொஞ்சம் நீட்டிவிட்டு, மேல்பக்கத்தை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே உருட்டிவிட்டால் சுற்றும். யாழ்ப்பாணத்தில் இதையே குரும்பட்டி என்பார்கள். அங்கே பிள்ளைகள் குரும்பட்டியும் ஈர்க்கும் கோத்துத் தேரே கட்டுவார்கள். குரும்பைக்கு உரிமையாளர் இல்லை, சரி. ஈர்க்கில் எங்கிருந்து வரும்? வாரியலிலிருந்து. "வாரியல்ல கைய வச்சா கைய ஒடிச்சுப்போடுவேன்" என்று அடுக்களையிலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குரும்பைப் பம்பரத்துக்கு ஆயுள் குறைவு. காய்ந்து சுருங்கியதும் துளை லூசாகி, ஈர்க்கில் ஒரு பக்கமும் குரும்பை ஒரு பக்கமும் போகும். அதனால் மாமா பிளாஸ்டிக் மூடிக்கு வந்தார். மூடிப் பம்பரத்தில் வித்தை ஒன்றே ஒன்று: துளை நட்டநடுவில் விழ வேண்டும். மயிரிழை விலகினாலும் கனம் ஒரு பக்கம் சேர்ந்து, பம்பரம் வாதம் பிடித்ததுபோல் உதறும். மாமா ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்க, ஐந்தாம் வகுப்புக்காரி மூடியைக் காகிதத்தில் வைத்து வட்டம் வரைந்தாள், வெட்டினாள், இரண்டாக மடித்து, பிறகு நான்காக மடித்தாள். விரித்தபோது மடிப்புகள் வெட்டிக்கொண்ட இடம்தான் நடு. கணக்கு வாத்தியார்கள் இந்த மடிப்பை விட்டம் என்று சொல்லி ஒரு வகுப்பையே தூங்கவைப்பார்கள். ஆணியைச் சூடாக்கித் துளை போடும் வேலை மட்டும் மாமாவுக்கு மிச்சம். அச்சுக்குத் தீக்குச்சி. மருந்தை உரசி எடுத்த தீக்குச்சியைத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

சுற்றியது. ஆனால் ரொம்ப நேரம் நிற்கவில்லை. மூடிக்குக் கனம் போதாது. கனம் இருந்தாலும் அது நடுவில் இருந்தால் பிரயோசனமில்லை. ஓரத்தில் இருந்தால்தான் சுழற்சி எளிதில் அடங்காது. உயரமும் குறைவாக இருக்க வேண்டும். குள்ளமான, விளிம்பு கனத்த பம்பரமே நீடித்து நிற்கும்.

கனத்துக்கு இந்தக் கடற்கரையில் பஞ்சமில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. டைட்டானியம் எடுக்கும் தாது. சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம் என்றால், இதற்கு ஏறக்குறைய 4.7. திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டு கப்பலேறிய மணலில்தான் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். தோரியம் உள்ள தாது அது. அப்போதிருந்து இந்த மணலுக்கு உலகம் முழுக்க உரிமையாளர்கள்; கிள்ளியூர் வட்டத்தில் அதைத் தோண்ட வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் போராடியும் வருகிறார்கள். மூடியின் விளிம்போரம் மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றி அதில் கருமணல் பதிக்கலாம் என்று மாமாவுக்கு ஒரு யோசனை ஓடியது. சர்வதேசச் சிக்கல் எதற்கென்று சைக்கிள் கடை இரும்பு வாஷரோடு நிறுத்திக்கொண்டார். நல்ல முடிவு.

வாஷர் வைத்த மூடி நிமிர்ந்து நின்றது. வேகம் குறையக் குறைய அதன் அச்சு சாய்ந்து, தானும் ஒரு வட்டம் போட்டது. பூமியும் இப்படித்தான் தலையாட்டுகிறது, ஒரு ஆட்டம் முடிய சுமார் 26,000 ஆண்டுகள் என்று மாமா சொன்னதைச் சின்னவன் நம்பவில்லை. அத்தனை நேரம் யார் உட்கார்ந்து பார்த்தது என்று கேட்டான். பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. 1950களில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எடுத்த ஒரு புகைப்படத்தில், தலைகீழாகப் புரளும் பம்பரம் ஒன்றைக் கோட்டு சூட்டோடு குனிந்து பார்ப்பவர்கள் நீல்ஸ் போரும் வுல்ஃப்காங் பாலியும். இரண்டு நோபல் பரிசுகள், ஒரு பம்பரம். நம்மூரில் அர்விந்த் குப்தா குப்பையிலிருந்து பொம்மை செய்தே 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவருக்கு மட்டும் எந்த வீட்டில் குப்பை கிடைத்ததோ.

அடுத்தது சிடிப் பம்பரம். இதைக் கண்டுபிடித்தவரைக் கும்பிட வேண்டும். சிடியின் குறுக்களவு 120 மில்லிமீட்டர், நடுத்துளை 15. சாதாரணக் கோலிக்குண்டு 16 மில்லிமீட்டர் இருக்கும்; துளையில் உட்கார்ந்துகொள்ளும், கீழே விழாது. சுற்றிப் பசை தடவி, மேலே பிடிக்க ஒரு மூடி ஒட்டினால் தீர்ந்தது. நடுவைத் தேடும் தலைவலியே இல்லை, தொழிற்சாலையே பார்த்து வைத்திருக்கிறது.

அலமாரியில் சிடி இருந்தது. ராத்தாவின் கல்யாண சிடி. அதைப் போட்டுப் பார்க்க அந்த வீட்டில் பிளேயர் இல்லாமல் போய் வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் அது வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளின் வாப்பாவுடைய சொத்து. தோப்பில் முகமது மீரானுக்கு 1997இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித்தந்த ‘சாய்வு நாற்காலி’யில், பழம்பெருமை பேசும் வீடு ஒன்றின் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகும். மீரானின் சொந்த ஊரில் அந்தத் தவறு மறுபடி நடக்க ராத்தா விடுவாரா? கடைசியில் வாப்பாவிடமே வீடியோ கால் போட்டுக் கேட்டார்கள். அவர் நெடுநேரம் யோசித்து, கல்யாணத்தைத் தொடக்கூடாது, அதற்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் சிடியை எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார்.

சுற்றவிட இடம்? மணலில் எந்தப் பம்பரமும் நிற்காது. டைல்ஸ் தரையில் இடுக்குகள் தட்டும். நடு சற்றே குழிந்த எவர்சில்வர் தட்டுதான் சரி, ஓடிப்போன பம்பரம் தானே நடுவுக்கு வரும். தட்டுக்குப் போனால் மறுபடியும் ராத்தா. சோற்று நேரத்துக்குள் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒன்று கிடைத்தது. பிள்ளைகள் தங்கள் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார்கள்: பம்பரம் விழாமல் தட்டை யாரும் எடுக்கக் கூடாது.

ராத்தா மீன் கறிச் சட்டியோடு வந்தபோது ஐந்தாம் வகுப்புக்காரியின் சிடி தட்டில் ஏறிச் சில நொடிகள்தான் ஆகியிருந்தன. மற்ற தட்டுகளில் எல்லாருக்கும் சோறு விழுந்தது. மாமாவின் தட்டு மட்டும் இன்னும் சட்டப்படி காலியாகவில்லை.