பறக்கத் தெரிந்தவரும் பதிலுக்குக் காத்திருத்தலும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

2003இல் வெளியான ‘புரூஸ் ஆல்மைட்டி’ படத்தில், கடவுளின் சக்தி முழுவதும் கொஞ்ச நாளைக்கு, புரூஸாக நடிக்கும் ஜிம் கேரியின் கைக்கு வருகிறது. காதலியுடன் ஒரு மாலைப்பொழுதை ரம்மியமாக்க எண்ணி, வானத்தை நோக்கிக் கயிறு வீசுவதுபோல் வீசி நிலாவைப் பக்கத்தில் இழுத்துவிடுகிறார். மறுநாள் செய்தியில் ஜப்பானில் பேரலை.

சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போவது சாதாரண ரசிகர் வழக்கம். ஆய்வாளர் அப்படிப் போக முடியாது. நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் அதன் விசை, தூரம் குறையக் குறைய மூன்றாம் படியில் ஏறும். தூரத்தைப் பாதியாக்கினால் விசை இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. ஆக, ஒரு பெண்ணின் முகத்தில் ஒரு புன்னகை வர வேண்டுமென்றால் உலகத்துக் கடலோர மக்கள் அத்தனை பேரும் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். ஒரு முழம் மல்லிகைப்பூவில் முடிய வேண்டிய காரியம் இது.

இந்தச் செலவுக் கணக்குதான் இவ்வாய்வின் தோற்றுவாய். சூப்பர் பவர் உள்ள ஒருவரைச் சாமானியர் காதலிப்பதையோ, சாமானியரைச் சூப்பர் பவர் உள்ளவர் காதலிப்பதையோ கருவாகக் கொண்ட கதைகள் இங்கே தரவுகள். கருதுகோள் ஒன்றே: எவ்வளவு பெரிய சக்தியும் எதிரில் நிற்பவரிடமிருந்து ‘சரி’ என்ற ஒரு சொல்லை வாங்கித் தராது, பெரும்பாலும் அது வரவிருந்த நாளைத் தள்ளிப்போடும். வில்லன்கள் ஆய்வு எல்லைக்குள் வரமாட்டார்கள். அவர்கள் யாரையும் கேட்பதில்லை.

முதல் சான்று சட்டம் சார்ந்தது. புரூஸுக்குச் சக்தி கைமாறும்போதே இரண்டு நிபந்தனைகள் விதிக்கப்படுகின்றன. தான் கடவுள் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. யாருடைய மன விருப்பத்திலும் தலையிடக்கூடாது. பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1992இன் ‘அலாவுதீன்’ கார்ட்டூன் படத்தில் விளக்குப் பூதமும் இதே பிரிவைச் சேர்த்திருந்தது. கொல்ல மாட்டேன், செத்தவரை எழுப்ப மாட்டேன், ஒருவரை இன்னொருவர் மேல் காதல் கொள்ளவைக்க மாட்டேன். அரண்மனையை எழுப்பலாம், யானை ஊர்வலம் விடலாம், இளவரசன் வேஷம் கட்டலாம். காதல் மட்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே. திரைக்கதை எழுதுகிறவர்கள் நிலையில் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். அந்தப் பிரிவு இல்லையென்றால் படம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பாப்கார்ன் விற்காது.

ஹாலிவுட்டுக்கு முன்பே இந்தப் பிரிவை அறிந்தவர்கள் நம் புராணிகர்கள். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் தரும் தரவு அசைக்க முடியாதது. சூரபத்மன் கடலுக்குள் மாமரமாக நின்றபோது வேலால் பிளந்து மயிலும் சேவலுமாக்கிய முருகப்பெருமான், தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் வேடனாகப் போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். அந்நேரம் பார்த்துப் பெண்ணின் தந்தை நம்பிராஜன் வருகிறார். உடனே முருகன் தாமே வேங்கை மரமாகி நிற்கிறார்! மரமாக நின்ற அசுரனைப் பிளந்த கை, பெண் வீட்டார் வந்ததும் கிளையாகிவிட்டது. அடுத்து கிழவர் வேடம். தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்கிறார். அதற்கும் வள்ளி மசியவில்லை. கடைசியில் அண்ணன் விநாயகரை யானையாக வரவழைத்துத்தான் காரியம் நடக்கிறது. தேவசேனாபதிக்கே சிபாரிசு தேவைப்பட்டது என்பதை ஆய்வாளர் பணிவோடு பதிவு செய்கிறார்.

மறுதலைச் சான்று தமயந்தி. மகாபாரதத்தின் வன பருவத்தில் வரும் கதை. தமிழில் புகழேந்தியின் நளவெண்பா. இந்திரன், அக்கினி, வருணன், யமன் நால்வரும் நளனைப் போலவே உருமாறிச் சுயம்வர மண்டபத்தில் வரிசையாக உட்காருகிறார்கள். ஐந்து நளன்கள். இதில் வேடிக்கை, இந்த நால்வருக்காகத் தூது போய்ப் பெண் கேட்டவனே நளன்தான். தமயந்தி என்ன செய்தாள்? யாருடைய கண் இமைக்கிறது, யாருக்கு வியர்க்கிறது, யாருடைய மாலை வாடியிருக்கிறது, யாருடைய கால் தரையில் படுகிறது, யாருக்கு நிழல் விழுகிறது என்று பார்த்தாள். மின்னல், நெருப்பு, கடல், மரணம் ஆகிய நான்கு துறைகளின் தலைவர்களும் காத்திருக்க, வியர்த்துக் கொட்டியவனுக்கு மாலை விழுந்தது. வியர்வை ஒருவருக்குச் சாதகமாக அமைந்த வரன் பார்க்கும் நிகழ்ச்சி இலக்கியத்தில் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இனி இயற்பியல். பறக்கும் காதலர் என்றதும் 1978இன் ‘சூப்பர்மேன்’ படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் லோயிஸ் லேனைக் கைப்பிடித்து நியூயார்க் போன்ற நகரத்துக்கு மேலே இரவில் கூட்டிப்போகும் காட்சி நினைவுக்கு வரும். லோயிஸ் அணிந்திருப்பது காற்றில் பறக்கும் மெல்லிய கவுன். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். எதிர்காற்று வேறு. அவருக்குக் குளிராது, அவளுக்கு? மஃப்ளர்கூட எடுத்துப்போகாத காதலரைப் பற்றி எந்தத் தாயும் நல்ல வார்த்தை சொல்லமாட்டாள். நடுவில் கை நழுவி அவள் விழ, அவர் பாய்ந்து பிடிக்கிறார். பிடிப்பதில்தான் ஆபத்து. நூறு மீட்டர் விழுந்தவரின் வேகம், காற்றின் தடையைக் கழித்துப் பார்த்தால், மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர். அவரை ஒரே மீட்டருக்குள் நிறுத்தினால் புவியீர்ப்பைப் போல் நூறு மடங்கு அதிர்ச்சி உடம்பில் இறங்கும். இரும்புக் கையில் விழுவதும் சிமென்ட் தரையில் விழுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடவே இருபது முப்பது மீட்டர் இறங்கிக்கொண்டே மெதுவாகத் தாங்குவதுதான் முறை. 1973இல் ஸ்பைடர்மேன் கதையின் 121ஆம் இதழில், பாலத்திலிருந்து விழுந்த காதலி க்வென் ஸ்டேசியை அவனது வலைநூல் சட்டென்று நிறுத்தியது. அவள் உயிர் பிழைக்கவில்லை. அந்த இதழைப் பற்றி ஆய்வாளர் வேடிக்கை பேச விரும்பவில்லை.

மனத்தைப் படிக்கும் சக்தியாவது உதவுமா? 2000இல் வந்த ‘வாட் விமன் வான்ட்’ படத்தில், குளியலறையில் ஹேர் டிரையரோடு தொட்டியில் விழுந்து மின்சாரம் தாக்கிய மெல் கிப்சனுக்குப் பெண்கள் நினைப்பதெல்லாம் காதில் விழுகிறது. மனிதர் அதை வைத்து முதலில் செய்தது, மேலதிகாரியாக வந்த ஹெலன் ஹண்டின் விளம்பர யோசனைகளைத் திருடியது. சக்தி போன பிறகுதான் மன்னிப்புக் கேட்கப் போகிறார். வரிசையைக் கவனிக்க வேண்டும்: சக்தி முதலில், உண்மை கடைசியில்.

நம் ஊர் ‘எந்திரன்’ (2010) ரோபோ சிட்டியும் இதே கணக்கில்தான் தோற்றது. சனாவைக் கடித்த கொசுவைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்க வைக்கும் அளவுக்கு உழைத்த காதலர் உலக சினிமாவில் அரிது. கொசுவின் பெயர் ரங்குஸ்கி என்பது வரை விசாரித்து வைத்திருந்தது. பதில், மாட்டேன். அதற்கு மாறாக ‘நான் ஈ’ (2012) நாயகன் செத்து ஈயாகப் பிறந்தவன்; கையால் அடித்தால் போயிற்று. ஆனால் காதலி பிந்துவின் சம்மதம் ஈக்கும் செல்லுபடியாகிறது. நுண்கலைஞரான அவள் ஈக்குக் கண்ணாடிகூடச் செய்து தருகிறாள். சக்தி நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஜீவனுக்கு முழு மதிப்பெண்.

இதுவரை சொன்னதில் சக்தி பெரும்பாலும் ஆண்பக்கம். பெண்பக்கம் வந்தால் கதையின் நியாயமே மாறுகிறது. இங்கே ஆய்வாளருக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. ஆண் சூப்பர்மேன் ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டி ஒளிந்துகொள்கிறான், அவ்வளவே. 1964 முதல் 1972 வரை அமெரிக்காவில் ஓடிய ‘பிவிட்ச்டு’ தொடரின் சமந்தா, மூக்கை அசைத்தால் விருந்தே தயாராகும் மந்திரக்காரி. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் கணவர் டாரின் போடும் நிபந்தனை, மந்திரம் கூடாது. எட்டு சீசன் அவள் பாத்திரம் தேய்க்கிறாள். டாரினின் மாமியார் எண்டோரா மருமகனின் பெயரைச் சரியாகச் சொல்வதே அபூர்வம் என்றால், அந்த அம்மாளின் பக்கம் நியாயம் இருக்கிறது. 2006இன் ‘மை சூப்பர் எக்ஸ் கேர்ள்பிரண்ட்’ படத்திலோ, கைவிடப்பட்ட உமா தர்மன் உயிருள்ள சுறாமீனைத் தூக்கிக் காதலன் வீட்டு ஜன்னல் வழியாக எறிகிறாள். சக்தியை அடக்கினால் நல்ல மனைவி, அடக்காவிட்டால் பைத்தியம். ஹாலிவுட்டின் அகராதியில் மூன்றாவது வகையே கிடையாதா?

தென்கொரியாவில் ஒன்று கிடைத்தது. 2017இன் ‘ஸ்ட்ராங் கேர்ள் போங்சூன்’ தொடரில் பலம் தாய்வழியில் மகள்களுக்கு மட்டும் இறங்குகிறது. அநியாயமாகப் பயன்படுத்தினால் பறிபோகும். போங்சூன் சிறுவயதிலிருந்து மனதில் வைத்திருந்த போலீஸ்கார நண்பனுக்கு மென்மையான பெண்கள்தான் பிடிக்கும் என்பதால் அவனிடம் தன் பலத்தை மறைக்கிறாள். ரவுடிகளை அவள் அடித்து நொறுக்குவதைக் கண்ணால் பார்த்த கம்பெனி முதலாளி மின்ஹ்யுக்கோ, அவளைத் தன் மெய்க்காப்பாளராக வேலைக்கு வைத்து, பிறகு காதலில் விழுகிறான். கருதுகோளுக்கு இது விதிவிலக்கா? இல்லை. இங்கே பதிலுக்குக் காத்திருந்தவன் பலமில்லாதவன். அவள் சரி சொல்ல அவனுக்கும் பல வாரம் பிடித்தது.

எஞ்சியிருப்பது மிக நீண்ட நிச்சயதார்த்த வழக்கு. சூப்பர்மேனும் லோயிஸும் 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழிலேயே ஒன்றாக அறிமுகமானவர்கள். 1980இன் ‘சூப்பர்மேன் 2’ படத்தில் அவளோடு வாழச் சக்தியைத் துறக்கிறார். பிறகு சக்தியைத் திரும்பப் பெற்று, படத்தின் முடிவில் ஒரு முத்தத்தால் அவள் ஞாபகத்தையே அழித்துவிடுகிறார். பெண்ணைக் கேட்காமல் செய்த காரியம். காதலாகக் கணக்கில் சேராது. காமிக்ஸில் 1990இல்தான் சூப்பர்மேனின் சாமானிய வேடமான கிளார்க் கென்ட் கல்யாணப் பேச்சை எடுக்கிறார். கவனிக்க: அந்தக் கதையில் சிவப்புக் கிரிப்டோனைட்டால் சக்தி போய், வெறும் பத்திரிகை நிருபராக நின்றபோது கேட்கிறார். லோயிஸ் சரி என்கிறாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரிந்தது அடுத்த ஆண்டு.

முகூர்த்தம் குறிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் அதே ஜோடியின் ‘லோயிஸ் அண்ட் கிளார்க்’ தொடர் தயாராகிறது. இரண்டு கல்யாணமும் சேர்ந்து நடக்கட்டும் என்று காமிக்ஸ் கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறார்கள். காலியான இதழ்களை நிரப்ப எழுத்தாளர்கள் கண்ட வழி, 1992இல் மாப்பிள்ளையைக் கொன்றுவிடுவது. அந்த இதழ் லட்சக்கணக்கில் விற்றது. பிறகு உயிரோடு எழுப்பி, 1996இல் கல்யாணத்தை நடத்தினார்கள். டிவியிலும் அதே மாதம். முதல் சந்திப்பிலிருந்து 58 ஆண்டுகள்.